அவசியம் வீட்டுக்கு வாங்க

"நான் வீட்ல இல்லன்னு சொல்லிடு" என்றார் அவர், அழைப்பு மணி கேட்டு கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபடி, ரகசியக் குரலில்.

"யார்கிட்ட?" என்று மனைவி கதவிலிருந்த கண்ணாடித் துளை வழியே பார்த்தாள்.

வாசலில் ஒரு டீச்சர். கூடவே மீசை அரும்பிய ஒரு பையன், காதை மூடும் பெரிய ஹெட்போனோடு ஒரு நெட்டையன், சக்கர நாற்காலியில் ஒரு பெண்.

"யாருங்க இவங்க?"

"போன மாசம் சிறப்புப் பள்ளி ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கப் போனேன்ல? அங்க படிக்கிற பசங்க. பேசி முடிக்கும்போது, 'அவசியம் ஒரு நாள் எங்க வீட்டுக்கு வாங்க'ன்னு மைக்ல சொல்லித் தொலைச்சேன்."

"கை தட்டினாங்களா?"

"அமோகமா."

"முன்னாடியே போன்கூடப் பண்ணலையா?"

"பண்ணாங்க. 'அதுக்கென்ன, தாராளமா வாங்க'ன்னேன். நிஜமாவே வந்து நிப்பாங்கன்னு யார் கண்டா? ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானே! பசங்களுக்குத்தான் புரியாது. அந்த டீச்சருக்கு எங்க போச்சு புத்தி?"

வெளியே பேச்சு கேட்டது.

"முதல் மணி அடிச்சாச்சு டீச்சர். இன்னும் ரெண்டு."

"பொறு கடிகாரம். உள்ள இருக்கறவங்க நடந்து வர வேண்டாமா?"

"மூணாவது மணிக்கும் திறக்கலன்னா?"

"சிரிச்ச முகமா திரும்பிடணும். அதான் பாடம்."

அவர் முகம் மலர்ந்தது. "கேட்டியா? இன்னும் ரெண்டே மணிதான். மூச்சு விடாம நில்லு, போயிடுவாங்க."

"அடப்பாவி மனுஷா!" என்றாள் மனைவி.

இரண்டாவது மணி அடித்தது. அவர் துளையில் கண்ணை வைத்தார். வெளியே இருந்து அதே துளையில் இன்னொரு கண் வந்து ஒட்டிக்கொண்டது.

"டீச்சர்! இந்தக் கதவுக்குக் கண்ணு இருக்கு! சிமிட்டுது!"

மனைவியால் அடக்க முடியவில்லை. பீறிட்டுச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு தெரு வரைக்கும் கேட்டிருக்கும். இனி எங்கே ஒளிவது? அசட்டுச் சிரிப்போடு அவரே கதவைத் திறந்தார்.

திறந்த கதவுக்கு முன்னால் நின்று, கடிகாரம் என்ற அந்த மீசை அரும்பிய பையன் மூன்றாவது மணியையும் அடித்துவிட்டுத்தான் கையை எடுத்தான்.

"வணக்கம். நாங்க உங்க வீட்டுக்கு வந்திருக்கோம்" என்றான், நிலைப்படியைப் பார்த்து.

நெட்டையன் எல்லோர் செருப்பையும் அளவு வாரியாக வரிசையில் அடுக்கினான். வீட்டுக்காரரின் செருப்பையும் விடவில்லை. அது நடுவில் போய்ச் சேர்ந்தது.

"சார், அந்தப் பக்கம் ஒரு கை பிடிக்கிறீங்களா?" என்றார் டீச்சர். வாசலில் படி இருந்தது. இவர் தயங்கித் தயங்கி நாற்காலியைப் பிடித்தார். தூக்கியதும் அந்தப் பெண் ஊஞ்சலில் ஏறினவள் மாதிரி கலகலவென்று சிரித்தாள். உள்ளே வைத்ததும் நாற்காலியின் கைப்பிடியை ஓங்கித் தட்டினாள்.

"என்ன சொல்லுது?"

"மகாராணிக்கு இன்னொரு தடவை வேணுமாம்."

இறக்கி ஏற்றினார்கள். மறுபடியும் தட்டினாள். மறுபடியும் இறக்கி ஏற்றினார்கள். மூச்சு வாங்கியது, ஆனால் போதும் என்று அவர் சொல்லவில்லை.

"வாங்க, வாங்க! உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க" என்று மனைவி வாய் நிறைய வரவேற்றாள்.

வந்தது வினை.

கடிகாரம் தலையாட்டிவிட்டு நேராகப் படுக்கையறைக்குப் போனான். கட்டிலில் ஏறிக் கழுத்து வரை போர்வையை இழுத்துக்கொண்டான். "வீட்ல இந்த நேரம் நான் படுப்பேன்" என்றான், கண்ணை மூடியபடி.

நெட்டையன் ஃபிரிட்ஜைத் திறந்து, உள்ளேயிருந்த பாட்டில்களையெல்லாம் உயரப்படி அடுக்கத் தொடங்கினான். மகாராணி டி.வி.க்கு எதிரே நாற்காலியை நிறுத்தி, போடச் சொல்லித் தட்டினாள்.

"ஹால்ல உக்காரணும்டா தங்கம்... டேய், அது அவங்க கட்டில்டா... நெட்டை, முதல்ல அதை மூடு, குளிர் போயிடும்..." டீச்சர் அறைக்கு அறை ஓடினார். பதறுகிற மாதிரி இருந்தது. ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

"விடுங்க டீச்சர்" என்றாள் மனைவி, கண்ணில் வந்த நீரைத் துடைத்துக்கொண்டே. "நான் ஒண்ணு சொல்லி இந்த வீட்ல யாராவது அப்படியே கேட்டிருக்காங்கன்னா, அது இன்னைக்குத்தான்."

அவரே டீ போட்டு எடுத்து வந்தார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல். யாரும் குறை சொல்லவில்லை. மகாராணிக்கு டீச்சர் ஸ்பூனால் ஊட்ட, பிஸ்கட்டை நனைத்து நனைத்துக் கொடுக்கும் வேலை இவருக்கு வந்து சேர்ந்தது.

ஆனாலும் மனசுக்குள் இருந்ததைக் கேட்காமல் இருக்க முடியவில்லை அவருக்கு.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர். மணி அடிக்கிறது, வணக்கம் சொல்றது, செருப்பு விடறது, எல்லாம் மணிமணியா சொல்லிக் கொடுத்திருக்கீங்க. உள்ள வந்தா எப்படி இருக்கணும்னு மட்டும் ஒண்ணுமே சொல்லித் தரலையே! பாதிப் பாடத்தோடயா கூட்டிட்டு வர்றது?"

டீச்சர் மகாராணியின் வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்களை மாதிரி நிறையப் பேர் கூப்பிட்டிருக்காங்க சார். நாங்களும் ஒரு வீடு விடாம போயிருக்கோம்" என்றார் சிரித்துக்கொண்டே. "மீதிப் பாடத்தை நடத்த யாராவது கதவைத் திறக்கணும்ல? இன்னைக்குத்தான் திறந்திருக்கு."