துணைக்கு வந்தவள்

மருமகளுக்காகத்தான் அவள் அந்த மேசையில் ஏறிப் படுத்தாள்.

காலை மடக்கச் சொன்னார்கள். மடக்கினாள். நர்ஸ் கை வைப்பதற்கு முன் சேலையை அவளே மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கண்ணை மூடிக்கொண்டாள்.

ஐம்பத்தொன்பது வயதில் எனக்கு எதற்கு இது என்று வெளியே கேட்டிருந்தாள். மாதவிலக்கு நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. ரத்தம் இல்லை, வலி இல்லை. நான் துணைக்கு வந்தவள் என்று நர்ஸிடம் சொன்னாள்.

மருமகள் ஜெனிட்டாதான் வாசலை விட்டு நகரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றாள்.

"நீங்க பாத்தா நானும் பாப்பேன் மாமி."

ஜெனிட்டாவுக்கு முப்பத்திரண்டு வயது. மாதவிலக்கு முடிந்து குளித்துச் சில நாள் ஆவதற்குள் மறுபடி ரத்தம் பட்டது. கப்பலில் வேலை பார்க்கும் புருஷன் லீவில் வந்த மாதம் அது கூடியது. அவனிடமும் சொல்லவில்லை. மாடிக் கொடியில் துண்டுக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டிருந்த பாவாடைகளைப் பார்த்துத்தான் மாமியார் பிலோமினாவுக்குத் தெரிந்தது.



பிலோமினாவின் தங்கை லூர்துவும் இப்படித்தான் ஒளித்தாள். முப்பத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தாள். வயிற்றில் கட்டி என்று ஊருக்குச் சொன்னார்கள். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று வீட்டுக்குள்கூட யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் செத்தவளின் நடத்தையைப் பேசுவார்கள் என்று அம்மா பயந்தாள்.

அன்றிலிருந்து பிலோமினாவுக்கு அது வயசுப் பெண்களின் நோய். பிள்ளை பெறுகிற காலத்தில் வருவது. அந்தக் காலம் முடிந்தால் பயமில்லை.

அதனால்தான் மணப்பாட்டிலிருந்து தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு ஜெனிட்டாவை இழுக்காத குறையாகக் கூட்டிவந்தாள்.

உள்ளே ஏதோ தொட்டது போலிருந்தது. அவ்வளவுதான், எழுந்திரிங்க என்றார்கள்.

அடுத்து ஜெனிட்டா போனாள்.

பரிசோதனை முடிவு வந்த அன்று டாக்டர் முதலில் ஜெனிட்டாவிடம்தான் பேசினார். கிருமி தொற்றிப் புண்ணாகியிருக்கிறது, அதில்தான் ரத்தம் வருகிறது, மாத்திரையில் ஆறிவிடும் என்றார்.

பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"நீங்க உக்காருங்கம்மா," என்றார் டாக்டர். "இப்பப் பாக்க வேண்டியது உங்களத்தான்."

அவளுக்கு விளங்கவில்லை.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் சத்தமில்லாமல் வருஷக்கணக்கில் வளரக்கூடியது. மாதவிலக்கு நின்ற பிறகும் வரும். இனி நமக்கென்ன என்று இருந்துவிடுகிறவர்கள் முற்றிய பிறகுதான் வந்து சேர்கிறார்கள். உங்களுக்கு இப்போது புற்றுநோய் போலத் தெரியவில்லை. ஆனால் விட்டால் அப்படி ஆகக்கூடிய ஒரு மாற்றம் கர்ப்பப்பை வாயில் இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம்.

"எனக்கா?" என்றாள்.



பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நல்லவேளை, இந்தப் பிள்ளைக்கு இல்லை என்று நினைத்தாள்.

தனக்குத்தான் என்ற அடுத்த நினைப்பு வரக் கொஞ்ச நேரமானது.

அது வந்தபோது ஜெனிட்டாவின் கையைப் பிடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஜெனிட்டா புருஷனுக்குப் போன் போட்டாள். தன்னுடையதைச் சொன்னாள். மாமியுடையதையும் சொன்னாள். என்ன நோயாக மாறலாம் என்பதைப் பெயர் சொல்லியே சொன்னாள். அடுப்படியில் நின்ற பிலோமினாவுக்கு எல்லாம் கேட்டது.

தடுக்கவில்லை.

வெட்டி எடுப்பது சின்ன வேலைதான். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காத்திருப்பதுதான் பெரிதாக இருந்தது. பிலோமினா வழக்கம்போல மீன் கழுவினாள், கோவிலுக்குப் போனாள். குடத்தைத் தூக்கப் போனால் ஜெனிட்டா முந்திக்கொண்டாள்.

கடைசியில் டாக்டர் கூப்பிட்டார்.

புற்றுநோய் இல்லை. வெட்டிய இடத்தின் ஓரமும் சுத்தமாக இருக்கிறது. ஆறு மாதம் கழித்து வந்து காட்டுங்கள், அதற்குப் பிறகும் விடாமல் காட்டிக்கொண்டே இருங்கள் என்றார்.

பிலோமினா தலையாட்டினாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். வராந்தா வரைக்கும் நன்றாகத்தான் நடந்து வந்தார்கள்.

அங்கே ஜெனிட்டா பெஞ்சில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

வாய்விட்டு அழுதாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கம்பவுண்டர் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனார்.

பெஞ்சின் அந்தப் பக்கம் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்துகூட இருக்காது. நகர்ந்து வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். யாருக்கு அக்கா என்று தணிந்த குரலில் கேட்டாள்.

ஜெனிட்டா அழுதபடியே மாமியைக் கை காட்டினாள்.

அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. கவலப்படாதீங்கம்மா, இப்ப எல்லாத்துக்கும் மருந்து வந்துருக்கு என்றாள். பிலோமினாவின் தோளைத் தடவிக்கொடுத்தாள்.

பிலோமினாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாக தாயி. அதுக்குத்தான் இவ இப்படி அழுதா."

அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள். ஜெனிட்டா மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள்.

அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றது.

எழுந்தாள். தோள்பையைக் கழற்றினாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். பிலோமினா கை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

கதவு மூடியது.

மணப்பாட்டு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. ஜெனிட்டா மாமியைப் பார்த்தாள். மாமி பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

ஜெனிட்டா பாட்டிலை மூடிப் பக்கத்தில் வைத்தாள்.

வராந்தாவில் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது.

கதவு திறந்தபோது இருவரும் சேர்ந்தே எழுந்தார்கள்.