ஒண்ணுமே படிக்கல

நுண்பொருளியல் தேர்வு தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது.

"நான் ஒண்ணுமே படிக்கலலே," என்றாள் விஜயஸ்ரீ. "தச்சநல்லூர்ல அக்கா கல்யாணம். புஸ்தகத்தைத் தொடவே இல்ல."

மணிராஜ் தலையாட்டினான். போன தேர்விலும் இதையேதான் சொன்னாள். தொண்ணூற்றிரண்டு வாங்கினாள். அதற்கு முந்தைய தேர்விலும் அப்படித்தான்.

உண்மையிலேயே படிக்காதவன் அவன்தான். ஒரே ஒரு பாடம் பார்த்திருந்தான். இதிலும் தோற்றால் அரியர் மூன்றாகிவிடும். அவளுக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்தான்.

"பேப்பரைப் பைய சாய்ச்சு வச்சுக்கோ."

"சொன்னா கேளுலே. நெசமாவே ஒண்ணும் தெரியாது."

"நீ சாய்ச்சு வை, போதும்."

சாய்த்து வைத்தாள். ஒரு வரி விடாமல் பார்த்து எழுதினான்.

அடுத்த வாரம் பேராசிரியர் குமரகுருபரன் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் அவன் விடைத்தாள். நூற்றுக்குப் பன்னிரண்டு.

"விஜயஸ்ரீக்கும் பன்னிரண்டுதான். கல்யாண வீட்ல படிக்க முடியலன்னு அவ முன்னாலயே சொல்லிட்டா. அதை விடு. இந்த மூணாவது கேள்வியைப் பாரு. 'உண்மையை மறைத்தால் லாபமடைகிறவரின் வெறும் வாய்ச்சொல்லைச் சந்தை நம்புமா?' நம்பாதுன்னு ஒரு பக்கம் அருமையா எழுதியிருக்க. பொறவு அவ்வளவையும் அடிச்சிட்டு, நம்பும்னு எழுதி வச்சிருக்க. ஏம்லே அடிச்ச?"

மணிராஜ் விடைத்தாளை மூடி வைத்தான்.

"விஜயஸ்ரீ அப்படித்தான் எழுதியிருந்தா சார். ஒண்ணுமே படிக்கலன்னு மொதல்லயே சொன்னா. நான் நம்பல."