தாத்தா துப்பாக்கியின் கனம்

“தாத்தாவோட துப்பாக்கி எனக்கு வேணும்.”

கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லி வைத்திருந்ததை மார்னா கேட்டேவிட்டாள். நாளை மதியம் அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் காட்டுக்கோழி வேட்டை தொடங்குகிறது.

அவள் அப்பா ஓர்லின், குடித்துக்கொண்டிருந்த காபியிலிருந்து நிமிரவில்லை. “எட்டு பவுண்டு கனம்டி. நாள் பூரா சோளக்காட்டுல தூக்கிட்டு நடக்கணும். பொம்பளத் தோள் தாங்குமா? அது உன் அண்ணனுக்குத்தான்.”

“கனம்தான் பிரச்சினையா?”

“வேற என்ன?”

அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போய் இன்ஜினியரானவள் அவள். காரிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்தாள். துப்பாக்கியை எடுத்து, அதில் குண்டு இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டாள். பின்பக்க மரக்கட்டையைக் கழற்றி, தானே வடிவமைத்த, எடை குறைந்த கார்பன் ஃபைபர் கட்டையை மாட்டினாள். முன்பிடியையும் அப்படியே மாற்றினாள்.

“இப்ப ஆறரை பவுண்டு. தூக்கிப் பாருங்க.”

அப்பா தோளில் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“படிச்ச படிப்பு வீண் போகலடி! தோள் ஆபரேஷனுக்கு அப்புறம் உன் அண்ணனால இதைத் தூக்கவே முடியல. ரெண்டு வருஷமா சும்மா கெடக்குது. இனி அவனுக்குக் கவலையே இல்ல.”

தனக்குக் கோபம் வரும் என்று மார்னா காத்திருந்தாள். வரவில்லை. துப்பாக்கியை வாங்கி, கார்பனைக் கழற்றி, பழைய மரத்தையே மாட்டி அவர் கையில் கொடுத்தாள்.

“என்னடி பண்ற?”

“அண்ணனோடது அண்ணனுக்கே இருக்கட்டும். எட்டு பவுண்டும்.”

பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். டவுன் துப்பாக்கிக் கடையில் அதே மாடல் புதிதாக வந்திருந்தது. மூட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.