கடைசி இடத்து நாரை

கடல் தாண்டிப் போகும் கூட்டத்தில் வேலைக்குச் சேர, புதிதாகப் பறக்கக் கற்ற ஒரு நாரை தலைமை நாரையிடம் போய் நின்றது.

"அனுபவம் இருக்கா தம்பி?"

"இல்லீங்க. சேர்த்துக்கிட்டா தன்னால வந்துடும்."

"அனுபவம் இருந்தாத்தான் சேர்ப்போம்."

"சேராம அனுபவம் எங்கேருந்துங்க வரும்?"

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது."

இதெல்லாம் ஒரு பதிலா என்று நாரை ஏரி முழுக்கச் சொல்லிப் புலம்பியது. ஆனாலும் சும்மா இருக்கவில்லை. அக்கம்பக்கத்துக் கூடுகளுக்குச் சுள்ளி சுமந்தது. கொக்குக் குஞ்சுகளுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்தது. அவை தன் தலைமேலேயே வந்து விழுந்தபோதெல்லாம் சிரித்துக்கொண்டே சேற்றிலிருந்து எழுந்தது. எதிர்க்காற்றும் மழையும் பழகிப்போயின. அடுத்த பருவத்தில் கூட்டத்தில் இடம் கிடைத்துவிட்டது. வரிசையில் கடைசி இடம்தான். அதற்கே நாரைக்குக் கால் தரையில் பாவவில்லை.

புறப்படும் அன்று ஒரு குட்டி நாரை மூச்சிரைக்க ஓடிவந்தது.

"அண்ணே, என்னையும் சேர்த்துக்கச் சொல்லுங்கண்ணே."

"அனுபவம் இருக்கா தம்பி?"

"சேராம எப்படிண்ணே வரும்?"

நாரை கழுத்தை நிமிர்த்திக்கொண்டது.

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது."

'எங்களுக்கு' என்று சொன்னபோது அதற்கு வாயெல்லாம் இனித்தது.