அவள் கைப்பக்குவம்

ஆப்பிள் பேஸ்ட்ரியை ஓவனிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார் கணவர். பக்கத்தில் அந்த வாரப் பத்திரிகை, தொடர் நாவல் வரும் பக்கத்தில் விரிந்து கிடந்தது.

"அந்தப் பொண்ணு சொன்னபடியே செஞ்சேன். வெண்ணெயை விரல் நுனியாலதான் மாவுல உதிர்க்கணுமாம். கைப்பக்குவம்னா அவளுக்குத்தான். நீயும் இருக்கியே, வெந்நீர் வெச்சாக்கூட அடிப்பிடிக்குது."

ஓவன் அணைந்துவிட்டது. மனைவியின் வயிறுதான் எரிந்துகொண்டிருந்தது.

"போன வாரம் கதையில அவளுக்கு ஜுரம்னதும் ஒரு வேளை சாப்பிடாம இருந்தீங்க. எனக்கு ஜுரம் வந்தப்ப மாத்திரை டப்பாவைத் தூக்கிப் போட்டீங்க."

அவர் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார்.

"மகராசி, நூறு வயசு நல்லா இருக்கணும்."

போன் அடித்தது. மனைவி எடுத்தாள். பேசியவர் அந்தப் பத்திரிகையின் ஆசிரியர்.

"மேடம், நாவலோட அடுத்த அத்தியாயம் இன்னும் வரலையே. அந்தப் பொண்ணு கல்யாணத்தை எழுதிட்டீங்களா? வாசகர்கள்லாம் மொய்க் கவரோட காத்திருக்காங்க."

மனைவி கணவரைப் பார்த்தாள். அவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"இப்பவே எழுதி அனுப்பிடறேன் சார். கல்யாணத்துக்கு முதல் நாள் அவ செத்துப் போயிடறா."