ஆறு வோல்ட் ஹார்ன்

இறந்துபோன மாமனாரின் பழைய காரை ஆறு வோல்ட்டிலிருந்து பன்னிரண்டுக்கு மாற்றும் வேலை, 2007 ஆயுத பூஜையன்று எங்கள் சிதம்பரம் வீட்டில் முடியவிருந்தது. புதிய பேட்டரிக்கு நான்தான் சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

சமையலறையில் இருந்தபோது ஹார்ன் இரண்டு முறை ஒலித்தது. கடலூரிலிருந்து திரும்பும்போது மாமா அப்படித்தான் அடிப்பார். பழக்கத்தில் ஓடிப்போய் கேட்டைத் திறந்தேன். தெருவில் யாரும் இல்லை.

ஷெட்டில் என் கணவர் ஹார்ன் சத்தத்தில் வேலையை நிறுத்தி, ஒயரைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் ஆரோக்கியராஜ் குனிந்து பேட்டரியைப் பார்த்தார்.

"சார், மாத்தி மாட்டப் போனீங்களே! அது மைனஸு. பெட்ரோல் வேற கசியுது, ஒரு பொறி போதும்."

"செவப்பா இருந்துச்சேய்யா, பிளஸ்ஸுன்னு நெனச்சேன்."

"அது அக்கா வச்ச பொட்டு சார்! அடுத்த வருசம் பேட்டரிக்கு விபூதி பூசுங்கக்கா."

சிரித்தோம்.

"ஹார்ன யாரு அடிச்சது?" என்றார் கணவர்.

ஆரோக்கியராஜ் காரின் முன்பக்கம் போய், ஹார்ன் இருந்த வெற்றிடத்தைத் தடவிப் பார்த்தார். பன்னிரண்டு வோல்ட்டில் கருகிவிடும் என்று போன வாரமே அவர் கழற்றிக் கொடுத்த ஹார்ன், என் பீரோவில் துணி சுற்றி இருக்கிறது.

எனக்குப் பயம் வரவில்லை, அழுகைதான் வந்தது. கேட்டைச் சாத்தப் போனேன். சாத்துவதற்கு முன், வருகிறவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

"வாங்க மாமா."