ரமணியின் பதில்

டெலிபோன் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி எறிந்த நாகையா, அடுத்ததாக ஜெயராஜின் இடது கைச் சுண்டு விரலைப் பிடித்து ஒடித்தான்.

“போலீசுக்கா போன் போடப் பாக்குறே? இன்னும் ஒம்பது வெரல் இருக்கு. டைப் பண்ணு லா, பாஸ்.”

ஈமெயில் புதிதாக வந்திருந்த நாட்கள் அவை. பிரிக்பீல்ட்ஸ் சந்தில் ஜெயராஜ் நடத்திய அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் கடையில் மத்தியானத்தில் வேறு யாரும் இல்லை. லோரி ஓட்டும் நாகையாவின் கையில் பாராங் கத்தி இருந்தது. சட்டையில் தெறித்திருந்த ரத்தம் கொழுந்தியாள் புஷ்பவல்லியின் மூக்கிலிருந்து வந்தது.

உயிருக்குப் பயந்து ஓடிப்போன மனைவி ரமணி எங்கே இருக்கிறாள் என்று தங்கைக்கும் தெரியாது. அடித்ததில் கிடைத்தது ஈமெயில் முகவரி மட்டும்தான்.

“தங்கச்சி எழுதுற மாதிரி எழுது. அம்மா சீரியஸ், ஒடனே வீட்டு அட்ரஸ் அனுப்பு, கார் எடுத்துக்கிட்டு வரேன்னு போடு.”

“வேணாம்ணே. அந்த அக்கா நம்பிரும்ணே.”

கத்தி இறங்கியது. மேசையின் மூலை துண்டாகி விழுந்தது. ஜெயராஜ் அழுதுகொண்டே டைப் செய்தான்.

நாகையாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. திரையையே முறைத்துக்கொண்டு இரண்டு சிகரெட் பிடித்தான்.

“என்னா, பதிலக் காணோம்? அடுத்த வெரலக் குடு.”

“வந்துருச்சுண்ணே!” ஜெயராஜ் திரையில் விரலை ஓட்டினான். “சுங்கை வேயில கோயில் தெரு, மூலை வீடாம். நீலக் கேட்டு. ‘நான் தனியாத்தான் இருக்கேன், பின் கதவத் தெறந்து வைக்கிறேன், சீக்கிரம் வா’ன்னு எழுதியிருக்கு.”

“ஆறு மாசமாத் தேடுனேன். ரெண்டு சிகரெட்டுல மாட்டிக்கிட்டா பாரு!”

போகிற போக்கில் கத்திப் பிடியால் ஜெயராஜின் வாயில் குத்தினான். இரண்டு பற்கள் கீபோர்டின் மேல் விழுந்தன.

சுங்கை வேயில் நீலக் கேட் இருந்தது. பின் கதவும் திறந்தே இருந்தது. கத்தியை ஓங்கிக்கொண்டு நுழைந்தவனின் மணிக்கட்டில் ஒரு தடி இறங்கியது. எலும்பு முறிந்தது. அடுத்த அடி முழங்காலில்.

குப்புற விழுந்தவனின் முதுகில் ஏறி உட்கார்ந்து ஒருவர் விலங்கு மாட்டினார்.

“ராத்திரி டியூட்டி முடிஞ்சு வீட்டுல தூங்குனவன எழுப்பிட்டியேடா,” என்றார் போலீஸ் சார்ஜன் பழனியப்பன். “என் மச்சான் ஜெயராஜ் பக்கத்துப் பூக்கடையிலேருந்து போன் பண்ணான். பல்லு போயி அவன் பேச்சே மொதல்ல வெளங்கல.”

“சார், ரமணிதான் மெயில்ல இந்த அட்ரஸக் கொடுத்தா! அவள வெட்டாம விடமாட்டேன்!”

பழனியப்பன் விலங்கை இன்னும் ஒரு பல் இறுக்கினார்.

“போன் வயர நீதானேடா பிடுங்கிப் போட்டே, அந்த வயர் இல்லாம மெயில் எப்படிடா வரும்?”